மாலை போட்ட மாமா விழுங்கிய நத்தைகள்

நீங்கள் கடைசியாக எதை மெல்லாமல் அப்படியே விழுங்கினீர்கள்? மாத்திரையைக் கேட்கவில்லை. உயிருள்ளதைக் கேட்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் வரைக்கும் கொம்பை நீட்டி நீட்டி நகர்ந்துகொண்டிருந்த ஒன்றை.

என் மாமா விழுங்கினார். மூன்று. நாளைக்கு ஒன்று என்று மூன்று நாள். வயலில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தது நான். "ஒண்ணும் ஆவாது மாமா" என்று கேரண்டி கொடுத்ததும் நான்தான். நான் பி.எஸ்சி. விலங்கியல், முதல் வகுப்பு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய கேனையன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கீரப்பாளையத்தில் வீடு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். எங்கள் வீடு கடலூரில். படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் அம்மா காலை காபியோடு சேர்த்து லெக்சரும் ஊற்றுவார். அதனால் ஐப்பசி மழை பிடித்ததும் நான் மாமா வீட்டில் போய் டேரா போட்டுவிட்டேன். பொழுது போகாத நாட்களில் மாமா பஸ்ஸிலேயே ஏறி, என்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கடலூர் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் வெந்துவிடும். மாமா பதினாறு வருஷமாக அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவர் ஸ்டியரிங்கில் உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். இடது இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, வலது தோளை ஜன்னலில் முட்டுக்கொடுத்து. செம ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பைக் ஓட்டும்போதும் அப்படிச் சாய்ந்து பார்த்திருக்கிறேன்.

ஸ்டைல் இல்லை, மூலம் என்று கார்த்திகை மாதம்தான் தெரிந்தது. கார்த்திகை ஒன்றாம் தேதி மாமா மலைக்கு மாலை போட்டிருந்தார். கருப்பு வேட்டி, வெறுங்கால், இரண்டு வேளையும் பச்சைத் தண்ணீர்க் குளியல். கறி, மீன், முட்டை, சிகரெட், கெட்ட வார்த்தை எல்லாம் கட். பஸ்ஸில் ஏறும் கிழவிகள் முதல் டோல்கேட்காரன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் "சாமி". அப்படி ஒருநாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றிருந்தபோது, பின்சக்கரத்துப் பக்கம் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு மாமா."

"கொஞ்ச நாளா கீழ ப்ராப்ளம்டா. ரத்தமா போவுது."

"ஆயிலா? பஸ்ஸுக்கா?"

"பஸ்ஸுக்கு இல்லடா, எனக்குடா..." என்று ஆரம்பித்தவர், வாய்வரை வந்த வார்த்தையை மாலையைத் தொட்டுக்கொண்டு உள்ளே தள்ளி, "...சாமி" என்று முடித்தார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் எப்படி இருப்பது? அதற்குள் கண்டக்டர் அண்ணன் டீயோடு வந்து சேர்ந்தார். மாமாவும் அவரும் ஒரே பஸ்ஸில் பல வருஷமாக ஓடுகிறவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். மாலை போட்ட நாட்களில் மட்டும் சாமி.

"இதுக்கு போயி மூஞ்ச தொங்க போட்டுகினு இருக்குற? மூலத்துக்கு நத்தைதான் சாமி. எங்க ஊர்ல அதான் வைத்தியம். மூணு நாளு நத்தக் கறி துன்னா நாலாம் நாளு கால் மேல கால் போட்டு உக்காரலாம்."

"மாலை போட்டவன்கிட்ட கறி துன்னுன்றான் பாரு."

"சரி, மலைக்குப் போயி வந்துட்டு துன்னு."

"மகரஜோதிக்கு இன்னும் ஒன்றரை மாசம் கெடக்குது. இந்தச் சூட்டுல தெனம் நாலு நடை. என்னால முடியாது மச்சான்... சாமி."

கண்டக்டர் அண்ணன் டீயை உறிஞ்சியபடி யோசித்தார். அவர் யோசித்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். பாதி டிக்கெட், முழு டிக்கெட் தகராறை எல்லாம் வார்த்தையாலேயே முடித்து வைக்கிற ஆள்.

"ஒண்ணு கேக்குறேன். அடுப்புல ஏத்தி, மசாலா போட்டு, சோத்துல பெசைஞ்சாதான அது கறி? அடுப்புலயே ஏத்தலன்னா?"

"ஏத்தலன்னா?"

"மருந்து! பச்சையா, வெறும் வயித்துல, வெல்லத்துல தோச்சு முழுங்கிட வேண்டிதுதான். பல்லுலகூட படக்கூடாது. பல்லுல படாதது எப்பிடி கறி ஆவும்? தேன் சாப்புடுறல்ல? அது பூச்சி வாயிலேர்ந்துதான வருது?"

எனக்கு அது செம லாஜிக்காகப் பட்டது. கைகூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன். மாமாவுக்கு மட்டும் முழுசாகத் திருப்தி இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீதான் புழு பூச்சிலாம் படிச்சவன். பச்சையா முழுங்குனா எதுனா ஆவுமா?"

என் டிகிரியை மதித்து ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி அது. வீட்டில் யாரும் கேட்டதில்லை. இன்டர்வியூவில் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில், பின்சக்கரத்துப் பக்கத்தில் வைத்து, கருப்பு வேட்டி கட்டிய ஒரு மனுஷர் என்னை டாக்டர் மாதிரி பார்த்துக் கேட்கிறார்.

"ஃபுல்லா ப்ரோட்டீன் மாமா. ஜப்பான்காரன் பச்சை மீனையே துன்றான். வயித்துல இருக்குற ஆசிட்டுல எல்லாம் கரைஞ்சிடும். ஒண்ணும் ஆவாது."

மூன்றாவது செமஸ்டரில் ஒட்டுண்ணிகள் என்று ஒரு முழுப் பாடம் படித்திருக்கிறேன். புழு எந்த உயிரில் வளர்கிறது, அதற்கு முன்னால் எந்த உயிரில் தங்கிக்கொள்கிறது என்று அம்புக்குறி போட்டு வட்டம் வட்டமாக வரைய வேண்டும். அதில் ஒரு வட்டத்தில் நத்தை வரும். என் ரெக்கார்ட் நோட்டில் அந்த நத்தைக்குப் பென்சிலால் ஷேடிங் எல்லாம் கொடுத்து மேடத்திடம் "குட்" வாங்கினேன். அந்தப் படத்துக்கும் கீரப்பாளையத்து வயலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை. பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு முடிந்துவிட்டது.

"அத்தைக்கு தெரியக் கூடாது" என்றார் மாமா. நத்தை விஷயமா, மூலம் விஷயமா என்று கேட்டேன். "ரெண்டும்தான்டா."

மறுநாள் விடியும்போது நான் வயலில் இறங்கினேன். சம்பா பயிருக்கு முழங்கால் தண்ணீர். வரப்பு நெடுக எலி வளை. ஒரு வளையில் கால் புதைந்து விழப் பார்த்தேன். நத்தைகள் பயிரின் தண்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. பெரிசு தொண்டையில் சிக்கும் என்று சின்னதாக ஒன்றைப் பொறுக்கினேன். கிணற்றடியில் வைத்து ஓட்டைக் கல்லால் தட்டி உடைத்து, சதையை உருவி, மஞ்சள் தண்ணீரில் அலசினேன். அலச அலசக் கோழை வந்துகொண்டே இருந்தது.

மாமா ஈர வேட்டியோடு நின்றார். உள்ளே அத்தை விளக்கேற்றி மணியடிக்கும் சத்தம் கேட்டது. பனைவெல்லத்தைப் பொடித்து அதன்மேல் தூவினேன். அவர் கண்ணை மூடி, சரணம் சொல்லி, வாயில் போட்டார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்பிடி மாமா இருக்கு?"

"அடுத்தவன் சளியை முழுங்குன மாதிரி இருக்குடா."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். மூன்று நாளும் இதே கூத்து. நான்காம் நாள் மாமா ஸ்டியரிங்கில் நேராக உட்கார்ந்து ஓட்டினார். கண்டக்டர் அண்ணன் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டார். ரத்தம் ஏன் நின்றது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. மாலை போட்டதிலிருந்து காரமும் கறியும் இல்லாமல் கீரை, வாழைப்பழம் என்று சாப்பிட்டதுகூடக் காரணமாக இருக்கலாம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் நத்தைக்குத்தான் மார்க் போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து மாமாவுக்குத் தலைவலி வந்தது.

மார்கழிப் பனி, விடியற்காலையில் பச்சைத் தண்ணீர். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "தலைய நல்லா தொவட்டுங்கன்னா கேக்குறீங்களா சாமி?" என்று அத்தை நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடிக்க வைத்தார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். வலி போகவில்லை. மூன்றாம் நாள், தோளில் துண்டு பட்டால் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் விளையாட்டாக முதுகில் விரலால் கோடு போட்டேன். அம்மா என்று அலறிவிட்டார். என் மாமா அலறி நான் பார்த்ததே இல்லை. வண்டி ரிப்பேர் பார்க்கும்போது பேனட் மூடி கையில் விழுந்தபோதுகூட "ச்சை" என்று மட்டும் சொன்ன ஆள்.

"லீவு போடு மாமா."

"மலைக்கு போவும்போது ஒரு வாரம் வேணும்டா. இப்பவே போட்டா அப்ப குடுக்க மாட்டானுங்க."

அடுத்த நாள் காலை கடலூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான் என் சீட்டில். பஸ்ஸில் நிற்க இடமில்லை. குடிகாடு தாண்டி, ஃபேக்டரிகளின் கெமிக்கல் வாடை போய், ஆலப்பாக்கம் வரப்போகிறது. திடீரென்று மாமா வேகத்தைக் குறைத்தார். ரோட்டில் ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"மாப்ள" என்றார். தலையைத் திருப்பவில்லை. பின்னால் யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகக் கேட்டார். "எதுக்க எத்தினி லாரி வருது?"

"ஒண்ணு மாமா."

"நல்லா பாத்து சொல்லு."

"ஒண்ணுதான் மாமா. ஏன்?"

"எனக்கு ரெண்டு வருதுடா. பக்கத்துல பக்கத்துல. எது நெசம்னு தெரியல."

மாமா இடது கண்ணை மூடினார். அப்படியே வண்டியை மண் தரையில் இறக்கி, நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அந்த ஒரே ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. பின்னாலிருந்து ஒருத்தர், "இன்னா சாமி, டீ குடிக்கவா நிறுத்திட்ட?" என்று கத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கண்டக்டர் அண்ணன் முன்னால் வந்தார்.

"என்னா சாமி?"

"ஆளுங்கள எறக்கி வேற வண்டில ஏத்திவுடு. நான் ஓட்டல."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்தார். கழுத்து மடங்கவில்லை. நெற்றி ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. விறைத்து அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்ததும்தான் இது பனி இல்லை, சளி இல்லை, வேறு ஏதோ என்று எனக்கு உறைத்தது.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை. மறுநாள் காலையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா, பொறுமையாகப் பேசுகிறவர், மதியம் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் நான்.

"மூளையைச் சுத்தி இருக்குற தண்ணியில ஒரு வகை வெள்ளை அணு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. சாதாரண காய்ச்சல்ல இது இப்பிடி ஏறாது. பெரும்பாலும் புழுவா இருந்தாதான் ஏறும். இவரு பச்சையா எதாவது சாப்ட்டாரா? மீனு, நண்டு, உடும்பு, நத்தை, இந்த மாதிரி?"

என் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா கேக்குறீங்க டாக்டர்? மாலை போட்டுருக்காரு. கார்த்திகை ஒண்ணுலேர்ந்து எங்க வீட்டுல முட்டை ஓடுகூட கெடையாது. கறி பாத்திரத்தையே பரண்ல ஏத்தி வெச்சிட்டேன். என் கையால சமைச்சிதான் சாப்புடுறாரு. வெளில ஒரு டீ, அவ்ளதான்."

"இவரு சொல்லட்டுமே. சாமி, எதாவது சாப்ட்டீங்களா?"

மாமா கண்ணைத் திறக்காமலே, "இல்லீங்க" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மாமாவுக்குக் கொடுத்த வாக்கு என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியும். அது பொய். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி, யார் சரி என்று சொன்னது என்று வரும். ஒட்டுண்ணிப் பாடத்தில் "குட்" வாங்கியவன் இங்கேதான் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். அதுதான் பயம். டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மாமா கண்ணைத் திறந்தார். விட்டத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இடது கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ரெண்டு ஃபேன் மாட்டிருக்கானுங்களா இல்ல ஒண்ணா?" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியின் அர்த்தம் அத்தைக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைவலி என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தோம்.

"ஒண்ணுதாங்க" என்றார் அத்தை.

"அப்ப நான் எப்பிடி வண்டி ஓட்டுவேன்?" என்றார் மாமா.

நான் எழுந்து ஓடினேன். காரிடாரில் டாக்டரம்மா வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே புகுந்து, "நத்தை மேடம். மூணு. பச்சையா. நான்தான் குடுத்தேன்" என்று கத்திவிட்டேன். மொத்தக் காரிடாரும் திரும்பிப் பார்த்தது. என் பின்னாலேயே ஓடி வந்திருந்த அத்தையும் கேட்டுக்கொண்டார்.

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பச்சையாவா? என்னாத்துக்கு?"

"மாமாவுக்கு மூலம் அத்தை. உங்களுக்கு தெரியக் கூடாதுன்னு..."

"அது எனக்கு தெரியாதா? பதினாலு வருஷமா அந்த மனுசன் துணிய தொவைக்கிறவ நானு! எனக்கு தெரியும்னு அவருக்கு தெரியக் கூடாதுன்னு நான் பேசாம இருந்தேன்!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம் இன்னொன்று. "நீ படிச்சவன்தானடா? படிச்சவன்தானடா நீயி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். டாக்டரம்மாதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கினார். இந்தப் புழுவின் சொந்த வீடு எலி. எலியின் நுரையீரல் ரத்தக் குழாயில்தான் அது வளர்ந்து குட்டி போடும். குட்டிப் புழு எலியின் புழுக்கையில் வெளியே வரும். அதை நத்தை தின்னும். அந்த நத்தையை இன்னொரு எலி தின்றால் புழுவுக்குப் பிரச்சினை இல்லை, வட்டம் முடிந்துவிடும். மனுஷன் தின்றால் புழுவுக்கு வழி தெரியாது. எலியின் உடம்பில் மூளை வழியாக நுரையீரலுக்குப் போகிற மாதிரியே இங்கேயும் மூளை வரைக்கும் போய்விடும். அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அம்புக்குறி, வட்டம், நத்தை. அவர் பேசப் பேச என் ரெக்கார்ட் நோட்டின் பக்கம் அப்படியே கண்முன் வந்து நின்றது.

"உயிரோடவா இருக்கு? இவரு தலைக்குள்ள?" என்றார் அத்தை.

"கொஞ்சம் இருக்கலாம். கொஞ்சம் செத்துகிட்டு இருக்கும். சாவுறதுனாலதான் வீக்கம், தலைவலி எல்லாம்."

"அப்ப ஆபரேசன் பண்ணி எடுத்துடுங்க."

"எடுக்குற அளவுக்குப் பெருசு இல்லம்மா. வீக்கத்தைக் குறைக்க மருந்து குடுப்போம். தண்ணி எடுத்தா தலைவலி குறையும். நிறைய பேர் நல்லாயிடறாங்க. கண்ணைத் திருப்புற நரம்பு ஒண்ணு அழுத்தத்துல மாட்டியிருக்கு. அது எப்ப சரியாவும்னு என்னால தேதி குடுக்க முடியாது."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டர், அடுப்புல ஏத்தல. பல்லுல படல. இது மாலைக்குத் தீட்டா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அது எனக்குத் தெரியாதும்மா. அடுப்புல ஏத்தியிருந்தா புழு செத்திருக்கும். எனக்கு அதுதான் தெரியும்."

சாயங்காலம் கண்டக்டர் அண்ணன் பழத்தோடு வந்தார். வாசலிலேயே அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, உங்க ஊர்ல இதை முழுங்குனவங்க யாருக்காவது இப்பிடி ஆயிருக்கா?"

"முழுங்குனவங்களா? எங்க ஊர்ல யாரு தம்பி முழுங்குனாங்க? எல்லாரும் வேக வெச்சு, மிளகு போட்டு வறுத்துதான் துன்னுவாங்க."

"பின்ன பச்சையான்னு சொன்னீங்களே?"

"அது... மாலைக்காவ சொன்னது. அப்ப தோணுச்சு." பழப் பையைக் கை மாற்றினார். "நீயும் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே தம்பி. நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்."

இந்த வைத்தியம் எந்த ஊரிலும் இல்லை. பஸ் ஸ்டாண்டில், ஒரு டீ குடிக்கிற நேரத்தில், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கண்டுபிடித்தது. இது எனக்கு மூளைக்குள் புழு என்பதை விடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. உள்ளே போய் மாமாவிடம் சொல்லவில்லை. அவருக்கு இன்னும் அது பரம்பரை வைத்தியம்தான்.

பொங்கல் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகப் போனது. மாலையை அத்தையே ஒரு வெள்ளிக்கிழமை கழற்றி, பூஜை அலமாரியில் வைத்து, அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். தலைவலி குறைந்தது. கழுத்து மடங்கியது. துண்டு பட்டால் வலிப்பது நின்றது. கண் மட்டும் அப்படியே இருந்தது. டி.வி. பார்க்கும்போது ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்வார். சாப்பிடும்போது டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடிப்பார்.

தினமும் காலையில் என்னை எதிரில் நிற்கச் சொல்லி, விரல் காட்டச் சொல்வார். ஒரு விரல் காட்டுவேன். "ரெண்டு" என்பார். மறுநாளும் "ரெண்டு". மாசி பிறந்த பிறகு ஒருநாள், "ஒண்ணு" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அத்தை தெருவுக்கே பாயசம் கொடுத்தார். கண்டக்டர் அண்ணன் முதலாளியிடம் பேசினார். கண் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் வண்டியைத் தருகிறேன் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

நேற்று காலையில் என்னவோ தோன்றி, நான் மூன்று விரலைக் காட்டினேன். மாமா உடனே சொல்லவில்லை. உதடு அசைந்தது. எண்ணுகிறார். எண்ணி முடித்த பிறகும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் "மூணு" என்றார்.

இரண்டு கையையும் விரித்து ஏழு விரல் காட்டினேன். அவர் உதடு பதினான்கு வரைக்கும் போனது. நான் கூடவே எண்ணினேன். "ஏழு" என்றார்.

"மாமா, பாதியா வகுத்து சொல்றியா?"

மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

"கொஞ்சூண்டுதான்டா வெலகி தெரியுது. மொத மாதிரி இல்ல. எது நெசம்னு எனக்கு இப்ப பழகிட்டுது. எடது பக்கம் தெரியறது நெசம், வலது பக்கம் தெரியறது பொய்யி. ஓட்டிடுவேன்."

"பஸ் ரொம்ப ஆளு ஏத்துவாங்க மாமா."

"எனக்கு தெரியாதா? பதினாறு வருஷமா ஏத்துறவன் நானு. வேற என்னா வேல தெரியும் எனக்கு? நாளைக்கு கண் டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. உன்ன கெஞ்சி கேக்குறேன் மாப்ள."

"நான் உள்ள வருவேன் மாமா. வந்து சொல்லிடுவேன்."

"நீ ஒரு தடவ ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னதுலதான் இந்த நெலமை."

இன்று காலை பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கமும் நான் ஓரத்திலுமாக உட்கார்ந்து கடலூர் வந்து சேர்ந்தோம். எதிரில் வண்டி வரும்போதெல்லாம் அவர் வலது கால் தரையை அழுத்தியது.

கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னை விட்டு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். மணி பதினொன்று இருபது. இருபத்தொன்பதாம் டோக்கன் உள்ளே போயிருக்கிறது. மாமாவுடையது முப்பது.